மார்க்கர் நஞ்சுண்டன் இழுத்த ஆட்டம்

பெம்பர்ட்டன் கிளப்பில் நஞ்சுண்டனுக்குத் தோற்பதுதான் உத்தியோகம். சம்பளப் பதிவேட்டில் 'டென்னிஸ் மார்க்கர்' என்று கௌரவமாக எழுதியிருக்கும். விடிவதற்குள் மண் தளத்துக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். பிறகு ஆட வருகிற மெம்பருக்கு எதிர்ப்பக்கம் நின்று பந்தடித்து, முடிவில் தோற்க வேண்டும்.

எப்படித் தோற்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றால் மெம்பருக்குச் சந்தேகம் வந்துவிடும். ஏழுக்கு ஐந்து என்று தோற்றால் அவருக்கு நெஞ்சுவலி வந்துவிடும். ஆறுக்கு நாலு உத்தமம். மெம்பருக்கு வேர்க்க வேண்டும், மூச்சு இரைக்கக் கூடாது. பந்து அவர் கையைத் தேடி வர வேண்டுமே தவிர அவர் பந்தைத் தேடி ஓடக் கூடாது. இந்தக் கலையில் நஞ்சுண்டனை அடித்துக்கொள்ள ஜில்லாவில் ஆள் கிடையாது. மில் முதலாளிகள், மோட்டார் பம்ப் முதலாளிகள், வயிறு முன்னே வந்து அரை நிமிஷம் கழித்துத் தாங்கள் வருகிற வக்கீல்கள் என்று பதினெட்டு வருஷமாக எல்லோரையும் ஜெயிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி சாமியாத்தாள், கிளப் செக்ரட்டரி ஈஸ்வரமூர்த்தியின் நூல் மில்லில் கோன் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தாள். சங்கடம் இங்கேதான் ஆரம்பம். ஈஸ்வரமூர்த்தி தினமும் காலை ஆறு மணிக்கு நஞ்சுண்டனை ஜெயித்து, குளித்து, விபூதி பூசிக்கொண்டு எட்டரைக்கு மில்லுக்குப் போவார். ஜெயித்த குஷியை யாரிடமாவது கொட்டியாக வேண்டும். நேராகக் கோன் பிரிவுக்கு வந்து நின்று சூப்பர்வைசரிடம் உரக்கச் சொல்லுவார்.

"இன்னைக்கு நம்ம சாமியாத்தா ஊட்டுக்காரனை ஆறுக்கு மூணுல முடிச்சுப்போட்டேன். பாவம், அவனும் என்னென்னமோ பண்ணிப் பாத்தான்."

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். சாமியாத்தாள் நூலை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அது அவரு வேலைங்கக்கா. வேணும்னேதான் தோக்கறாரு" என்பாள். ஒரே பதிலைப் பதினைந்து வருஷம் சொன்னால் சொல்கிறவளுக்கே ஒரு நாள் சந்தேகம் தட்டாதா? ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"நெசத்துக்குமே உங்களுக்கு அந்த ஆட்டம் ஆட வருமுங்களா?"

நஞ்சுண்டன் பிசைந்த கை அப்படியே நின்றது. அவனுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்து நாற்பதைத் தொட்டிருந்தான். ஜெயிக்க வேண்டும் என்று ஒரு நாள்கூட ஆடிப் பார்த்ததில்லை. ஆட வருமா வராதா என்று அவனுக்கே தெரியாது.

"வரும்னுதான் நெனைக்கறேன்" என்றான்.

"ஒரே ஒருக்கா நீங்க ஜெயிக்கறதை என்ற கண்ணால பாக்கோணுமுங்க. அப்பறம் அவளுக என்ன சிரிச்சாலும் சிரிச்சுட்டுப் போகட்டும்."

அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அது அவனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மே மாதம் கிளப்புக்குப் பவள விழா வந்தது. பெம்பர்ட்டன் துரை கிளப்பை ஆரம்பித்து எழுபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. துரை யார், என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. படத்தில் மீசை பெரிதாக இருந்தது. அவர் நினைவாக அகில இந்திய ஆண்கள் ஒற்றையர் போட்டி நடத்துவது என்று கமிட்டி முடிவு செய்து அழைப்பிதழ் அடித்தது. நாலு பக்கம். தலைமை ஒருவர், முன்னிலை பதினேழு பேர், வரவேற்புரை மூன்று பேர், வாழ்த்துரை இருபத்தொரு பேர். ஆடுகிறவர்கள் பெயரைப் போட இடமில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் 'மற்றும் 32 வீரர்கள்' என்று அச்சகத்தார் தம் பெருந்தன்மையால் ஒரு வரி சேர்த்திருந்தார்.

அந்த ஒரு வரி வினையாகிவிட்டது. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் சத்தியமங்கலத்து ஆட்டக்காரருக்கு அம்மை போட்டது. மிஞ்சியது முப்பத்தொரு பேர். அவசரக் கூட்டம் கூடியது.

"இதுக்கு எதுக்குங்க இத்தனை கலவரம்? ஒருத்தரை ஆடாமயே அடுத்த ரவுண்டுக்கு அனுப்பிச்சாப் போச்சு. உலகம் பூராவும் அப்படித்தான் பண்றாங்க" என்றார் பொங்கியண்ணன். ரிடையரான தாசில்தார், போட்டிக்கு அவர்தான் அம்பயர்.

"உலகம் அழைப்பிதழ் அடிக்கறதில்லீங்க. நாம அடிச்சிருக்கறோம்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "முப்பத்திரண்டுன்னு போட்டுப்போட்டு முப்பத்தொன்னை நிறுத்தினா வெளியூர்ல இருந்து வார ஒறம்பரைக முன்னால தலை நிமிந்து நடக்க முடியுமா?"

மூன்று மணி நேர விவாதத்துக்குப் பிறகு ஏழாம் எண் தீர்மானம் நிறைவேறியது. மார்க்கர்கள் போட்டிகளில் ஆடக் கூடாது என்பது துரை காலத்து விதி. ஆகவே, 'மார்க்கர் நஞ்சுண்டன், தான் ஆடும் நேரத்தில் மட்டும் மார்க்கர் அல்லாதவராகக் கருதப்படுவார். ஆட்டம் முடிந்த நிமிஷம் முதல் மீண்டும் மார்க்கராகக் கருதப்பட்டு உருளை இழுப்பார்.' சிப்பந்திகள் பெயரை ஸ்கோர் போர்டில் எழுத விதியில் இடமில்லாததால் அவன் பெயருக்குப் பதில் 'கிளப்' என்று எழுதுவதாகவும் முடிவாயிற்று.

ஈஸ்வரமூர்த்தி அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏப்பா நஞ்சுண்டா, முதல் ரவுண்டுலயே ஆறுக்கு நாலு, ஆறுக்கு நாலுன்னு மரியாதையாத் தோத்துப்போட்டு வந்துரு."

"சரீங்க" என்றான்.

தோற்கத்தான் போனான். எதிரே மைசூரிலிருந்து வந்த பேங்க் அதிகாரி. இரண்டாவது கேமில் ஒரு பந்து தோதாக எழும்பி வந்தது. எதிராளி இடது ஓரத்தில் நின்றார். வலது பக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. காலி இடம் நஞ்சுண்டன் கண்ணுக்கு எப்போதுமே நன்றாகத் தெரியும். அங்கே பந்து போய்விடக் கூடாதே என்றுதான் பதினெட்டு வருஷமாகக் காவல் காத்தான். அன்றைக்கு மனைவி கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. பந்தை அங்கே போட்டான். பந்து விழுந்தது, போயே போய்விட்டது. மைசூர்க்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நஞ்சுண்டன் ஒரு தரம் தன் மட்டையைப் பார்த்துக்கொண்டான். அப்புறம் இன்னொன்று போட்டுப் பார்த்தான்.

ஆறுக்கு ஒன்று, ஆறுக்கு இரண்டு. பொங்கியண்ணன் முடிவை அறிவிக்காமல் செக்ரட்டரியின் முகத்தைப் பார்த்தார். செக்ரட்டரி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் கண்ணில் ஸ்கோர் போர்டு பட்டது. 'கிளப் – வெற்றி' என்று எழுதியிருந்தது. கூட்டம் கை தட்டியது. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

ஒவ்வொரு சுற்றிலும் ஜெயித்தவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. ஜெயித்தது கிளப். கிளப்புக்குத் தோள் கிடையாது. செக்ரட்டரிக்கு இருந்தது. ஈஸ்வரமூர்த்தி கழுத்தைக் குனிந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் நஞ்சுண்டன், தீர்மானப்படி, உருளை இழுத்துக்கொண்டிருந்தான்.

இப்படியே நாலு சுற்று ஜெயித்தான். நாலு பொன்னாடையும் செக்ரட்டரியின் தோளுக்குப் போயின. அரை இறுதி முடிந்ததும் அவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கிளப்பிலே உயர்வு தாழ்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. மார்க்கரும் நாங்களும் ஒரே தளத்திலேதான் ஆடுகிறோம். அவன் தண்ணீர் குடிக்கிற டம்ளரைத் தனியாக ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். இந்த எழுபத்தைந்து வருஷத்தில் ஒரு மெம்பராவது அதைத் தொட்டதுண்டா? இல்லை! ஏழையின் பொருளுக்கு நாங்கள் தரும் மரியாதை அது!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று சாயங்காலம் சாமியாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னைக்கும் ஜெயிச்சீங்களா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். அந்த வாரம் முழுக்க அவளுக்குப் பகல் ஷிப்ட். ஒரு ஆட்டத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

"ஞாயித்துக்கெழமை எனக்கு லீவுங்க. நான் வாரேன்" என்றாள். "உள்ள உடுவாங்களா?"

"தண்ணித்தொட்டிப் பக்கம் கம்பிவேலிக்கு அந்தாண்ட நிக்கலாம்."

"நின்னுக்கறேன். அதுக்கென்ன?"

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். எதிராளி மனோஜ்குமார், மெட்ராஸ் கல்லூரிப் பையன், இருபது வயது. தலைமை விருந்தினர் ஏதோ ஒரு வாரியத்தின் தலைவர். எந்த வாரியம் என்று கமிட்டியில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. காரில் சைரன் உண்டு என்பது மட்டும் நிச்சயம். நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கும். அதனால் இரண்டரைக்கு ஆட்டம், நாலு மணிக்கு அவர் வருகை, நாலேகாலுக்குக் கோப்பை என்று நேரம் குறித்திருந்தார்கள். 'இறுதி ஆட்டத்தைக் கண்டுகளித்துக் கோப்பை வழங்குவார்' என்று அழைப்பிதழிலும் போட்டாயிற்று.

அக்கினி நட்சத்திர வெயில். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் சாமியாத்தாள் கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு நின்றாள். நஞ்சுண்டன் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு ஆடப் போனான்.

என்னமாய் ஆடினான்! காலி இடமெல்லாம் அவனுக்கென்றே காத்திருந்தது. முதல் செட் ஆறுக்கு இரண்டு. இரண்டாவது செட்டில் ஐந்துக்கு ஒன்று, நாற்பதுக்குப் பதினைந்து. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட். மணி மூன்று இருபது. சாமியாத்தாள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

அப்போது ஈஸ்வரமூர்த்தி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தளத்துக்குள்ளேயே ஓடி வந்தார். கிணத்துக்கடவிலிருந்து போன் வந்திருக்கிறது. விருந்தினர் அங்கே தேங்காய் மண்டி ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு, இப்போதுதான் இலையில் உட்கார்ந்திருக்கிறார்.

"கொஞ்சம் இழுத்துப் புடியப்பா" என்றார்.

"ஒரே ஒரு பாயிண்டுதானுங்க பாக்கி."

"அதை அவரு வந்து பாக்கட்டும்ங்கறேன். கண்டுகளித்துன்னு அச்சடிச்சிருக்கறோம். அவரு வாரதுக்குள்ள நீ முடிச்சுப்போட்டா என்னத்தைக் கண்டு என்னத்தைக் களிக்கறது?"

"அதுவரைக்கும் ஆட்டத்தை நிறுத்தி வெச்சுக்கலாமுங்களே?"

ஈஸ்வரமூர்த்தி அதிர்ந்துபோனார். "நிறுத்தறதா? ஆட்டம் எடைவெளி இல்லாம நடக்கோணும்னு சர்வதேச விதி இருக்குது. விதிய மீறச் சொல்றியா? பொங்கியண்ணன், நீங்க சொல்லுங்க."

"மீறக் கூடாதுங்க" என்றார் பொங்கியண்ணன், நாற்காலி மேலிருந்து.

"பாரு, நாளைக்கு யாரும் என்னைய ஒரு சொல் சொல்லக் கூடாது. உன்னைத் தோக்கச் சொல்லலை. ஜெயிக்காம இருன்னுதான் சொல்றேன். பதினெட்டு வருஷமா உனக்குத் தெரிஞ்ச வேலைதானே?"

நஞ்சுண்டன் வேலிப் பக்கம் பார்த்தான். ஒரு கணம், ஒரே கணம், மாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்லிப் பழக்கமில்லை. "சரீங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

அடுத்த பந்தை வலையில் அடித்தான். அதற்கடுத்ததையும். நாற்பதுக்கு நாற்பது, டியூஸ். அதற்குப் பிறகு நடந்ததை டென்னிஸ் தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பார்கள். ஒரே கேமை அரை மணி நேரம் இழுத்தான். இருபத்திரண்டு டியூஸ். ஆனால் ஆட்டம் ஒருவன் கையில் மட்டும் இருப்பதில்லையே. எதிர்ப்பக்கம் இருந்ததும் உயிருள்ள பையன்தான். அவனும் அடித்தான். ஐந்துக்கு இரண்டு, ஐந்துக்கு மூன்று என்று கேம்கள் நழுவின. இதோ வந்துவிடுவார் என்று ஒவ்வொரு கேமுக்கும் நஞ்சுண்டன் செக்ரட்டரியைப் பார்ப்பான். இன்னும் இல்லை என்று அவர் உள்ளங்கையைக் காட்டுவார். ஒத்தக்கால்மண்டபம் தாண்டியாச்சு என்று தகவல் வந்தது. ஈச்சனாரிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கியிருக்கிறார் என்று இன்னொரு தகவல் வந்தது. இரண்டாவது செட் ஐந்துக்கு ஏழு என்று போயிற்று.

நாலு முப்பத்தைந்துக்கு சைரன் கேட்டது. கூட்டம் எழுந்து நின்றது. நாதஸ்வரம் ஆரம்பித்தது. கார் கேட்டுக்குள் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை.

ஈஸ்வரமூர்த்தி போய்க் கதவருகே குனிந்து பேசிவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "ராகு காலம் பொறந்துருச்சாம். ஆறு மணிக்குத்தான் எறங்குவாராம்."

நாதஸ்வரம் நின்றது. காருக்குள் ஏசி ஓடியது. வாரியத் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கினார். மூன்றாவது செட்டை நஞ்சுண்டன் இழுத்தான். தலை சுற்றியது. வலது தொடையில் நரம்பு பிடித்து முறுக்கியது. உட்கார விதியில்லை. ஒரு பாயிண்ட் கொடுத்து ஒரு பாயிண்ட் எடுத்து, தராசு முள்ளைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி அந்த ஆட்டத்தை நிறுத்தி வைத்தான். இரண்டுக்கு இரண்டு. மூன்றுக்கு மூன்று. ஐந்துக்கு ஐந்து.

சரியாக ஆறு மணிக்குக் கதவு திறந்தது. விருந்தினர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஈஸ்வரமூர்த்தி வேலியோரம் ஓடி வந்து இரண்டு கையையும் ஆட்டினார்.

"இனி ஆடுப்பா! அடிச்சு முடி!"

நஞ்சுண்டன் ஆடினான். இவ்வளவு நேரம் பூட்டி வைத்திருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு ஆடினான். காலி இடம் தெரிந்தது. கால் போகவில்லை. கையாவது போகட்டும் என்று வீசினான். கையோ இரண்டரை மணி நேரமாகச் செய்துவந்த வேலையையே செய்தது. பந்து பையனின் வலது கைக்கு நேராகப் போய், அவன் இடுப்பளவுக்கு எழும்பி, அடி என்று நின்றது. அந்தப் பையனும் இப்போது பழைய பையனில்லை. ஜில்லாவிலேயே சிறந்த மார்க்கர் இரண்டரை மணி நேரம் பந்து போட்டுக் கொடுத்துப் பழக்கியிருக்கிறான், சும்மா விடுவானா? அடித்தான். ஐந்துக்கு ஆறு.

கடைசி கேமில் நஞ்சுண்டன் ஓடினான், விழுந்தான், முட்டி கிழிந்தது, எழுந்து மறுபடி ஓடினான். மாரியாத்தா, ஒன்னே ஒன்னு என்று வேண்டிக்கொண்டான். வாழ்க்கையில் எதற்கும் அவன் அப்படி ஆசைப்பட்டதில்லை. கடைசிப் பந்தை ஓரக் கோட்டுக்குக் குறி வைத்து அடித்தான். அவனே காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு. பந்து கோட்டுக்கு நாலு விரல் வெளியே விழுந்தது. ஐந்துக்கு ஏழு.

விருந்தினர் கண்டுகளித்தது எட்டு நிமிஷம். மேடையில் அவர் பேசினார்.

"நான் வரும்போது ஐந்துக்கு ஐந்து என்று இழுபறி. நான் வந்து உட்கார்ந்தேன். உடனே முடிந்துவிட்டது. எங்கள் வாரியத்திலும் இதேதான். நான் போய் உட்கார்ந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும்!"

அடுத்து ஈஸ்வரமூர்த்தி. "மெட்ராஸிலிருந்து வந்த பிள்ளை வெறுங்கையோடு திரும்பலாமா? ஐந்துக்கு ஒன்று என்று கைக்கு வந்த கோப்பையை எங்கள் கிளப் மனமாரத் தூக்கிக் கொடுத்துவிட்டது. வந்தவரை உபசரிப்பதிலே கொங்கு நாட்டை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?" கைதட்டல் கூரையைப் பிளந்தது. இரண்டாம் இடம் வந்த கிளப்புக்கு உண்டான பொன்னாடை அவர் தோளில் விழுந்தது, ஐந்தாவது.

உருளை இழுத்து முடித்து நஞ்சுண்டன் வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சாமியாத்தாள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. அவள்தான் முதலில் பேசினாள். குரலில் அழுகை இல்லை, அத்தனை சந்தோஷம்.

"எனக்குத் தெரியுமுங்க. பதனஞ்சு வருஷமா அவளுககிட்ட நான் சொன்னது பொய்யில்லைன்னு இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. என்ன ஆட்டமுங்க அது! அந்தப் பையன் முழி பிதுங்கிப்போனான். அப்பறம் முதலாளி வந்து காதுல சொன்னதும் வலையில அடிச்சீங்க பாருங்க, அப்பவே எனக்கு வெளங்கிருச்சு."

அவன் சைக்கிளை வாங்கித் தள்ளிக்கொண்டு நடந்தான்.

"நாளைக்கு மில்லுல சொல்றேன் பாருங்க. கையில இருந்த கோப்பைய உட்டுக்குடுத்தவருடி என்ற ஊட்டுக்காரருன்னு." கொஞ்சம் நின்று, அவன் கிழிந்த முட்டியைப் பார்த்தாள். "கீழ உழுந்ததுகூட எத்தனை தத்ரூபம்! நானே ஒரு நிமிசம் நெசம்னு நெனச்சு அழுதுபோட்டேன். அந்தக் கடைசிப் பந்தும் வேணும்னேதானுங்களே வெளிய போட்டீங்க?"

தோற்பதே பிழைப்பாக இருந்த அத்தனை வருஷத்திலும் அவளிடம் அவன் ஒரு பொய் சொன்னதில்லை. அந்தக் கடைசி இரண்டு கேமை உயிரைக் கொடுத்து ஆடித்தான் தோற்றேன் என்று சொல்ல நினைத்தான். அவள் பதிலுக்காகச் சிரித்த முகத்தோடு நின்றாள்.

"ஆமா அம்மணி" என்றான். "வேணும்னேதான்."

"அதானே!" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலு அடி பின்னாலேயே வந்தான், அழுவதை அவள் பார்த்துவிடாமல்.